கொள்ளிடம் பாலத்தில் தூங்கிப்போன நசீருதீன்

நசீருதீன் ரயிலில் போய் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதிலும் கொள்ளிடம் பாலம் வந்தபோது தூங்கிவிட்டான். போகும்போதுதான் தூங்கினான், சரி, திரும்பி வரும்போதாவது விழித்திருந்தானா என்றால் அப்போதும் தூக்கம்தான். இதை அவனே என்னிடம் உளறினான், அதுவும் பழகிய முதல் வாரத்தில். அதற்குப் பிறகு பதினாலு வருஷம் இதைச் சொல்லியே அவன் மானத்தை வாங்கினேன்.

அவன் அப்பா தொண்டிப் பக்கத்திலிருந்து அந்தமானில் போர்ட் பிளேருக்கு வந்து ஷாதிபூரில் மளிகைக் கடை வைத்தவர். நசீருதீன் பிறந்தது கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில். பதினோரு வயதில் ஏதோ ஒரு கல்யாணத்துக்காக அப்பா அவனைக் கப்பலில் மெட்ராசுக்குக் கூட்டிப்போனார். எழும்பூரில் ரயிலேறி தேவகோட்டை ரஸ்தாவில் இறங்க வேண்டும். "திருச்சிக்கு முன்னாடி பெரிய பாலம் வரும், எழுப்புறேன்" என்று சொன்ன மனிதர் தானும் குறட்டை விட்டுவிட்டார். பையன் கண்ணைத் திறந்தபோது வண்டி புதுக்கோட்டையில் நின்றது. பிறகு யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், அப்பா போய்ச் சேர்ந்தார், கடை இவன் தலையில் விழுந்தது. மெயின்லேண்ட் பக்கம் அவன் மறுபடி கால் வைக்கவே இல்லை. சரக்கு எடுக்கக்கூட மச்சான்தான் போவார்.

நான் சிவஞானம். சாத்தம் மர மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். ஐம்பத்தைந்தில் இங்கே வந்தேன். சொந்த ஊர் விழுப்புரம், அப்பா அங்கே ரயில் ஷெட்டில் ஃபயர்மேன். கரிப்புகை குடித்து வளர்ந்த ஆள். தண்டவாளமே இல்லாத ஊருக்கு வேலைக்கு வந்துவிட்டோமே என்று முதல் மாதம் பைத்தியம் பிடித்தவன் மாதிரி இருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் சோப்பு வாங்க நசீருதீன் கடைக்குப் போனேன்.

"எந்த ஊருப்பா?" என்று கேட்டான்.

"விழுப்புரம்."

கையிலிருந்த தராசை அப்படியே கீழே வைத்தான். "ஜங்ஷன்ல இருந்தா வர்றே? எத்தனை பிளாட்பாரம்? பாண்டிச்சேரி வண்டி எதுல நிக்கும்?"

எனக்கு முன்னால் வந்த இரண்டு பேர் பருப்புக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை அவன் மறந்தே போனான். நானும் சோப்பு வாங்காமலேயே வீட்டுக்குப் போய் என் மனைவி மரகதத்திடம் திட்டு வாங்கினேன்.

அன்றிலிருந்து மில் சங்கு ஊதியதும் சாத்தம் பாலத்தைத் தாண்டி நேரே ஷாதிபூர்தான். கடைக்குள் ஒரு சாக்கு மூட்டை என் ஆசனம். அவன் கல்லாவுக்குப் பக்கத்தில் ரயில்வே டைம்டேபிள் இருக்கும், பழுப்பு அட்டை போட்டுத் தைத்தது. எங்கள் விளையாட்டு இதுதான்: ஒருவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு வண்டியின் பெயரைச் சொல்ல வேண்டும். இந்த நிமிஷம் அது எங்கே இருக்கிறது என்று மற்றவன் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். இங்கே ஜனவரியில் ஐந்தரைக்கெல்லாம் விளக்கேற்றிவிடுவோம். மெயின்லேண்டில் அப்போது இன்னும் வெயில் இருக்கும். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு, செங்கல்பட்டு ஏரிக்கரையில் வெயிலில் போகிற வண்டியைப் பற்றி இருவரும் தொண்டை கிழியச் சண்டை போடுவோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புது டைம்டேபிள் கப்பலேறி எங்கள் கைக்கு வர ஆறு மாதம் ஆகும். அதற்குள் அங்கே நேரமெல்லாம் மாறியிருக்கும், சில வண்டிகளை நிறுத்தியே இருப்பார்கள். இல்லாத வண்டிக்கு நாங்கள் ஆறு மாதம் கொடியசைத்துக்கொண்டிருப்போம். ஒருமுறை புதுப் புத்தகம் வந்த அன்று, அவனுக்குப் பிடித்த ஒரு பாசஞ்சர் வண்டியைக் காணவில்லை. நசீருதீன் அன்று சாயங்காலம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

பெரார்கஞ்சிலிருந்து வரும் பஸ்ஸுக்கு அவன் வைத்த பெயர் பாசஞ்சர். பேம்பூஃப்ளாட் ஃபெரிக்கு ஷட்டில். நெல் மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆட்களைப் பார்த்து, "என்ன, பாசஞ்சர் இன்னிக்கு லேட்டா? சிக்னல் கிடைக்கலியா?" என்பான். அங்கே குடியேறியிருந்த அந்த வங்காளிகள் ஒன்றும் புரியாமல் சிரித்துவைப்பார்கள்.

மில்லுக்குள் மரம் ஏற்றித் தள்ளுகிற ட்ராலிக்காகத் தண்டவாளம் போட்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்து அக்கம்பக்கத்தில் தண்டவாளம் என்று சொல்ல அது ஒன்றுதான். விறகுக்குக் கழிவுக்கட்டை எடுக்கிறேன் என்ற சாக்கில் மாதத்துக்கு ஒரு தரம் நசீருதீன் உள்ளே வருவான். கைலியை மடித்துக்கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த இரும்பின் மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடப்பான். நல்ல கனத்த உடம்பு, தொப்பை முன்னே போகும். மில் ஆட்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவனுக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. நான்தான் வெட்கத்தில், "டேய், இறங்குடா! எல்லாரும் பாக்குறாங்க" என்று கத்துவேன்.

அவன் மனைவி சம்சாத்தும் இந்தத் தீவில் பிறந்தவள்தான். பள்ளிக்கூடத்தில் இந்தியும் உருதும் படித்தவள். வாய் நிறையத் தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர்கள் மகளும் இந்திப் பள்ளிக்கூடம்தான். அந்த வீட்டில் தமிழ் வாசிக்கிறவன் நசீருதீன் ஒருவனே. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னாலிருந்து டீ வரும். கூடவே, "ரெண்டு பேரும் மெதுவா சண்டை போடுங்க அண்ணே, புள்ள படிக்குது" என்ற குரலும் வரும். பதினாலு வருஷமாக நாங்கள் திட்டிக்கொண்டதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் அவள்.

"ஒரு தடவை வாடா. எனக்கு லீவு இருக்கு, சேர்ந்தே போகலாம். பாலம் வந்ததும் நான் எழுப்புறேன்" என்று நான் வருஷா வருஷம் கூப்பிடுவேன். அவன் ஏதாவது காரணம் சொல்வான். சரக்கு வரவில்லை, நோன்பு வருகிறது, மகளுக்கு அம்மை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது மில் முழுக்கத் தெரிந்த விஷயம். நாலு நாள் கடைப் பக்கமே போகாமல் இருப்பேன். ஐந்தாம் நாள் அவனே டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "இப்ப ராமேசுவரம் வண்டி எங்கேப்பா?" என்பான். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கடைசியில் அறுபத்தொன்பது ஜனவரியில் அவன் சரியென்றான். நம்பவே முடியவில்லை. கப்பலில் இரண்டு பேருக்கும் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் இடம் வாங்கினேன். மரகதத்துக்குக் கப்பல் என்று சொன்னாலே குமட்டும், அவள் வரவில்லை. இருவரும் பதினைந்து நாள் உட்கார்ந்து திட்டம் போட்டோம். எந்த வண்டி, எந்தப் பக்கத்து ஜன்னல், எந்த ஸ்டேஷனில் இட்லி என்று எல்லாம் பேசியாயிற்று. கொள்ளிடம் பாலத்தைப் பகல் வண்டியில் தாண்டுவது என்பது முதல் தீர்மானம். அவன் புதுச் சட்டை இரண்டு தைத்துக்கொண்டான்.

கப்பல் காலை பத்து மணிக்கு. நான் எட்டு மணிக்கே ஏறி, இரண்டு பங்கிலும் துண்டைப் போட்டுவிட்டு, மேல்தட்டில் வந்து நின்றேன். ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. கீழே ஜெட்டித் துறையில் ஒவ்வொரு வெள்ளைத் தொப்பியையும் பார்த்தேன். பத்துக்கு ஏணியைத் தூக்கினார்கள். நசீருதீன் வரவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. வரமாட்டேன் என்றால் ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பக் கூடாதா? பதினைந்து நாள் என்னோடு உட்கார்ந்து ஜன்னல் ஓரம் பேசினானே! காலியாகக் கிடந்த அவன் பங்கைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். மெட்ராஸில் போய் எழுதலாம் என்று பொறுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த தபால் அட்டையை எடுத்து முதல் கடிதத்தை எழுதினேன்.

தபால் அட்டை என்றால் உறை கிடையாது. போகிறவன் வருகிறவன் எல்லாம் படிக்கலாம். படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். மொத்தம் பதினேழு அட்டை. ஒவ்வொன்றும் அவன் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதற்காகவே. விழுப்புரத்தில் கரண்ட் என்ஜினைக் கழற்றிவிட்டு கரி என்ஜின் மாட்டுவதைப் பார்த்து ஒன்று. மேட்டுப்பாளையத்தில் பல்சக்கர ரயிலில் உட்கார்ந்தபடி ஒன்று. செங்கோட்டை மலைக் குகைகளை எண்ணி ஒன்று. "நீ துவரம்பருப்பில் கல் பொறுக்கு, நான் குகைக்குள் போகிறேன்" என்றெல்லாம் எழுதி, ஸ்டேஷனில் நிற்கிற தபால் வண்டியின் பெட்டியில் போடுவேன். போட்டதும் மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

ஆனால் கொள்ளிடம் பாலத்தை நான் தாண்டவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு நேர் வண்டி நாலைந்து மணி நேரம். நான் காட்பாடி போய், ஜோலார்பேட்டை போய், ஈரோடு போய், அங்கிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்கு வந்தேன். திரும்பும்போதும் அதே சுற்று. இந்தச் சுற்றைப் பிறகு கேள்விப்பட்ட என் தங்கை, "அண்ணனுக்குத் தீவுல ஏதோ ஆயிடுச்சு" என்று அக்கம்பக்கத்தில் சொன்னாளாம். அவ்வளவு கோபத்திலும் அந்தப் பாலத்தில் மட்டும் அவன் இல்லாமல் ஏற மனம் வரவில்லை. இதைப் பதினேழாவது அட்டையில்தான் எழுதினேன்.

தீவுக்குத் தபால் அந்த நாளில் கப்பலில்தான் போகும். நான் வாரக்கணக்கில் போட்ட அட்டைகளெல்லாம் மெட்ராஸில் சேர்ந்து, நான் திரும்பிய அதே கப்பலின் தபால் பையில் என் கூடவே வந்தன. நான் அவன் கடையில் போய் உட்கார்ந்திருக்கும்போது தபால்காரன் அட்டைக் கட்டை நீட்டுவான், என் முன்னாலேயே அவன் படிப்பான், சண்டை போடுவோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

சாத்தம் ஜெட்டியில் மரகதம் நின்றிருந்தாள். அவள் ஒருநாளும் ஜெட்டிக்கு வந்ததில்லை. நான் மூட்டையை இறக்கி வைப்பதற்குள், "நசீர் பாய் மவுத்தாயிட்டாருங்க" என்றாள்.

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. "எந்த நசீர்?" என்று கேட்டேன்.

கப்பல் புறப்பட்ட அன்று விடியற்காலை அவன் குளித்து, தொழுது, புதுச் சட்டை போட்டு, பெட்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். எட்டு மணிக்கு மேல் கடைப் பலகையை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலித்து உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மதியம் உயிர் போய்விட்டது. மாலைத் தொழுகையான அஸருக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

"ஏன் எனக்குச் சொல்லல?" என்று ஜெட்டியில் எல்லோரும் பார்க்க அவளிடம் கத்தினேன்.

"உங்க தங்கச்சி வீட்டுக்குத் தந்தி அடிச்சேன். நீங்க எங்க வீட்டுல இருந்தீங்க? ரயில்லயே குடியிருந்தீங்க."

உண்மைதான். சுற்றெல்லாம் முடித்துக் கடைசியில் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தேன், கப்பல் தேதியை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அங்கே போகாமல் நேரே மெட்ராசுக்கு வந்துவிட்டேன். தந்தி அங்கே கிடந்திருக்கிறது.

எங்களுக்குப் பின்னால் கப்பலிலிருந்து தபால் பைகளைக் கயிற்று வலையில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அவன் இறந்தது மறுநாள் மதியம். மறுநாள் மதியம்தான் நான் முதல் அட்டை எழுதினேன். அதில் எழுதியிருந்தது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். "நீ செத்தாலும் அந்தக் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டாய். உன் மய்யத்தைக்கூட கடைக்குள்தான் புதைக்க வேண்டும்." தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தேன். அது புருஷனைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட முடியாத ஒருத்தியின் கைக்குப் போய்ச் சேரப்போகிறது.

மறுநாள் காலை தபாலாபீஸ் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். ஜன்னலில் இருந்த கிளார்க்கிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன். எழுதினவன் நான்தான், என் கையெழுத்து இதோ, அந்த அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "பாயி, பதா தோ உன்கா ஹை" என்றார். விலாசம் யாருடையதோ தபாலும் அவருடையது என்று அர்த்தம். அப்படியே இருந்தாலும் ஷாதிபூர் கட்டு அப்போதே தபால்காரனோடு போய்விட்டதாம்.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். கடைப் பலகைகள் மாட்டியபடி இருந்தன. பக்கத்து வாசல் வழியாக உள்ளே போனால் நசீருதீனின் அக்கா ஆசியா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் அட்டைகள்.

சம்சாத் இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டாள், வெளி ஆண்கள் கண்ணில் பட மாட்டாள். அதே பழைய திரைச்சீலைக்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது.

"வாங்க அண்ணே. நேத்தே வந்துட்டீங்கன்னு அக்கா சொன்னாங்க."

  நின்றபடியே அழுதேன். ஆசியா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"கடுதாசி எல்லாம் உங்க கையெழுத்துன்னு தபால்காரர் சொன்னார்" என்றாள் சம்சாத். "எங்க வீட்டுல வாசிக்கிறவரு போயிட்டாரு. பக்கத்து வீட்டுல யாரையாவது வாசிக்கச் சொல்லலாம்னு அக்கா சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். எழுதினவரே வருவாரு, அவரே வாசிக்கட்டும்னேன்."

தப்பித்தேன் என்று நினைத்தேன். வாசிப்பது நானாக இருந்தால் என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாமே! ஆசியா தேதிப்படி அடுக்கி வைத்திருந்ததில் முதல் அட்டையை எடுத்து நீட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அன்புள்ள நண்பன் நசீருதீனுக்கு, சிவஞானம் எழுதுவது. நலம். உன் நலமறிய ஆவல். நீ வராததில் எனக்கு மிகவும் வருத்தம். உனக்கு என்ன அசௌகரியமோ..."

"அண்ணே."

நிறுத்தினேன்.

"அது நீங்க எழுதினது இல்ல."

"இல்ல தங்கச்சி, அப்படித்தான்..."

"பதினாலு வருஷமா கேக்குறேன். ஒரு நாளாவது அவரை அன்புள்ளன்னு கூப்பிட்டிருக்கீங்களா? தூங்குமூஞ்சின்னுதானே கூப்பிடுவீங்க." திரைக்குப் பின்னால் அவள் மூச்சு வாங்கினாள். "அவருக்கு எழுதினதை வாசிங்க. எனக்கு எழுதின மாதிரி வாசிக்காதீங்க."

 இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். வேறு வழியில்லாமல் வாசித்தேன். டேய் தூங்குமூஞ்சி என்று ஆரம்பித்து, பயந்தாங்கொள்ளி, வாக்குத் தவறியவன், துவரம்பருப்புக்குப் பிறந்தவன் என்று எல்லாவற்றையும் வாசித்தேன். கல்லாப்பெட்டி வரி வந்ததும் நிறுத்தினேன். "ம்" என்றாள். அதையும் வாசித்தேன். தேதியையும் சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

ஆசியா சட்டென்று எழுந்துவிட்டாள். "யா அல்லாஹ், இது என்ன மனுஷன் எழுதுற எழுத்தா? அன்னிக்கா எழுதினே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். கேட்க வேண்டியதுதானே! 

"அக்கா, உக்காருங்க" என்றாள் சம்சாத்.  அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, ஆஸ்பத்திரியில கப்பல் சங்குச் சத்தம் கேட்டுச்சு. கப்பல் போயிடுச்சேன்னு நான் அழுதேன். ஜெட்டிக்கு ஆள் அனுப்பறேன்னு அதுக்கு முன்னாடியே சொன்னேன். அவருதான் கூடாதுன்னுட்டாரு. 'தெரிஞ்சா இறங்கிடுவான். ஒன்பது வருஷமா ஊருக்குப் போகல அவன். இப்ப மேல நின்னு என்னைத் திட்டிக்கிட்டு இருப்பான், திட்டட்டும், நல்லாயிட்டா அடுத்த கப்பல்ல போய்ப் புடிச்சுக்கறேன்'னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"கல்லாப்பெட்டிக்கு என்ன பதில் சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "'மய்யத்தோட கல்லாவையும் சேர்த்துத் தூக்குங்கப்பா, முன்னாடி விழுப்புரத்தான் சிவஞானம் தோள் குடுக்கட்டும், அவனுக்குத்தான் வேலை வெட்டி இல்ல'ம்பாரு."

அவன் குரலையே கேட்ட மாதிரி இருந்தது. அவன் அதைத்தான் சொல்லியிருப்பான், அதே இழுப்போடு. ஆசியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

அடுத்த அட்டையை எடுத்தேன். "இன்னிக்கு இது ஒண்ணு போதும் அண்ணே" என்றாள் சம்சாத். "எனக்கு இத்தா முடிய இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு. ஜும்ஆவுக்கு ஒண்ணுன்னு வந்து வாசிங்க. இப்படியே வாசிங்க, குறைக்காதீங்க. வீட்டுல சத்தமே இல்லாம இருக்கு."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை தோறும் மில்லிலிருந்து நேரே அங்கே போனேன். திரைக்கு இந்தப் பக்கம் சாக்கு மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செத்துப்போன என் சிநேகிதனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மவுத் வீட்டில் இந்த மில் கிளார்க் இப்படிக் கத்துகிறானே என்று யாரோ ஜமாத்தில் சொல்லி, ஒரு பெரியவர் விசாரிக்கவும் வந்தார். ஆசியாதான் அவரிடம் பேசி அனுப்பினாள். அதற்குள் அவள் என் கட்சிக்கு வந்துவிட்டாள். "போன வாரம் இன்னும் நல்லா திட்டினே" என்பாள்.

ஒவ்வொரு அட்டைக்கும் திரைக்குப் பின்னாலிருந்து அவன் பதில் வரும். பல்சக்கர ரயிலுக்கு, "அதுல போறதுக்கு நடந்தே போகலாம், என் தொப்பைகூட அதைவிட வேகம்" என்று வந்தது. செங்கோட்டை குகைக்கு, "உள்ள இருட்டுல என்னத்தைடா பாத்தே, அதுக்கு என் மளிகைக் கடை அறையே மேல்" என்று வந்தது. பதினாலு வருஷம் டீ ஆற்றிக்கொண்டே அவள் எங்களை இவ்வளவு கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சில நாள் பதில் சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிடும்.  திட்டுவதற்கு ஒரு ஆளும் இல்லை என்ற நினைப்பு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் வரும். சாத்தம் பாலத்தில் நடக்கும்போது வாய்விட்டு அழுதுகொண்டே போவேன். எதிரில் வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ஒன்றிரண்டு வாரம் இரண்டு அட்டைகள் வாசித்தோம். அவள் இத்தா முடிவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைசி அட்டை மட்டும் மிச்சம் இருந்தது. அதை வாசிக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மற்றதையெல்லாம் வாசிக்க எனக்குப் பழகிவிட்டது. இது திட்டு இல்லை. அதுதான் பயம். ஆனால் அவளிடம் ஒருமுறை மாட்டிக்கொண்டவன் மறுபடி பொய் வாசிக்க முடியுமா? வாசித்தேன்.

"டேய் தூங்குமூஞ்சி, நாளைக்குக் கப்பல். எல்லா லைனும் பார்த்துவிட்டேன். உன் பாலத்தை மட்டும் பார்க்கவில்லை. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ஈரோடு சுற்றிப் போனேன், வரும்போதும் அப்படியே வந்தேன். என்னைப் போல முட்டாள் ரயில்வே சரித்திரத்தில் கிடையாது. உன் மேல் இருந்த கோபமெல்லாம் ஜோலார்பேட்டையிலேயே தீர்ந்துவிட்டது. சும்மா கெத்துக்காக எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் பகல் வண்டியில் சேர்ந்து போவோம். நீ வருவாயா, மாட்டாயா? நான் வந்ததும் ஒரே வார்த்தையில் பதில் சொல்."

வாசித்து முடித்து, பழக்கத்தில் திரையைப் பார்த்தேன்.

பதில் வரவில்லை. ஆசியாவும் திரையைப் பார்த்தாள்.  வெளியே பெரார்கஞ்ச் பஸ் வந்து நின்று போயிற்று.

"இதுக்கு எனக்குத் தெரியல அண்ணே" என்றாள் கடைசியில். "எத்தனையோ தடவை கூப்பிட்டீங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொன்னாரு. பொட்டி கட்டினாரு, சட்டை தச்சாரு, ஆனா ஏறியிருப்பாரா, வாசல்ல இருந்து திரும்பியிருப்பாரான்னு எனக்கே தெரியல. அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தாரு. நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியும். வந்திருப்பாரா?"

பதினாலு வருஷமாக அவன் வரமாட்டான் என்று சத்தியம் செய்தவன் நான். பதினாறு அட்டையில் அதைத்தான் எழுதியிருந்தேன். கடை வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு நின்ற மனிதனை நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் கப்பல் தட்டில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஷாதிபூருக்கும் ஜெட்டிக்கும் எவ்வளவு தூரம்? ஏணியைத் தூக்க இரண்டு மணி நேரம் இருந்தது. இறங்கிப் போய் என்னடா ஆச்சு என்று பார்த்திருக்கலாம்.

"வந்துகிட்டுதான் இருந்தான் தங்கச்சி" என்றேன். "நான்தான் அவனைப் பாக்காம போயிட்டேன்."

திரைக்குப் பின்னால் சம்சாத் அழ ஆரம்பித்தாள். ஆசியா என் கையிலிருந்து அட்டையை வாங்கி, மற்ற பதினாறோடு சேர்த்து வைத்து, நூல் போட்டுக் கட்டினாள்.